குடல்வால் இருக்கும் பக்கம்

என்ன வேலை செய்கிறாய் என்று கேட்பவர்களிடம் சைகை மொழிபெயர்ப்பு என்று சொல்வேன். விருத்தாசலத்தில் அதற்கு வரும் அடுத்த கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். "டிவில நியூஸ் வாசிக்கிறப்ப ஓரமா ஒருத்தவங்க கைய ஆட்டிக்கிட்டு இருப்பாங்களே, அதுங்களா?" அதுதான் என்றால், "அதுக்குக்கூடவா படிக்கணும்?" என்பார்கள். எங்கள் தெரு மாவு மில்காரர் அப்படிக் கேட்டபோது கோதுமைப் பையைத் தூக்கிக்கொண்டு வேறு மில்லுக்குப் போய்விடலாமா என்று இருந்தது. எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். பக்கத்தில் வேறு மில் இல்லாததால் பேசாமல் நின்றேன்.

படிக்கத்தான் வேண்டும், ஒவ்வொரு முறையும் புதிதாக. அண்ணனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. அவனோடு சண்டை போட்டே சைகை கற்றுக்கொண்டேன், பிறகு சென்னைக்குப் போய் முறையாகவும் படித்தேன். ஆனால் இன்றைக்குப் போலீஸ் ஸ்டேஷன், நாளைக்குப் பத்திர ஆபீஸ், அடுத்த வாரம் கிட்னி டாக்டர் என்று ஓடுகிறவளுக்கு வீட்டில் அண்ணனோடு போட்ட சண்டை எவ்வளவு தூரம் உதவும்? வில்லங்கச் சான்றிதழுக்கு என்ன சைகை என்று அவனுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

அதனால் ஒரு வேலை வந்ததும் ஃபோனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். சைகைகளை வீடியோவாகப் போட்டிருக்கும் அகராதி ஒன்று இணையத்தில் இருக்கிறது. சொல்லைத் தட்டினால் நீலச் சட்டை போட்ட ஒருவர் வந்து கையால் சொல்லிவிட்டுப் போவார். வடக்கே எங்கேயோ இருக்கும் காது கேளாத பெண் ஒருத்தி, தன் சமையலறையில் நின்றுகொண்டே மாதவிலக்கு முதல் மார்பகப் புற்றுநோய் வரை சைகையில் விளக்கி வீடியோ போடுகிறாள். பின்னால் குக்கர் இருக்கும். எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கென்று வாட்ஸாப் குழு ஒன்றும் உண்டு. கோர்ட்டுக்குப் போகிறேன், ஜாமீனை எப்படிக் காட்டுகிறீர்கள் என்று கேட்டால் நான்கு ஊரிலிருந்து நான்கு வீடியோ வந்து விழும். நான்கும் நான்கு விதமாக இருக்கும், அது வேறு விஷயம்.

இந்த வேறு விஷயம்தான் பெரிய தலைவலி. நீலச் சட்டைக்காரரின் சைகை டெல்லியில் படித்தவர்களுக்குப் புரியும். நம் பக்கத்துப் பள்ளிகளில் படித்தவர்களுக்கு வேறு சைகை பழக்கம். ஆகவே எனக்கு ஒரு வழக்கம் உண்டு. போகவேண்டிய நாளுக்கு முன்பே காது கேளாதவரோடு உட்கார்ந்து, அதே வீடியோக்களை அவருக்கும் போட்டுக் காட்டி, இந்தச் சொல்லுக்கு இந்தச் சைகை என்று பேசி வைத்துக்கொள்வேன். டாக்டர் முன்னால் போய் இரண்டு பேரும் முழிக்க வேண்டியதில்லை. எல்லோருக்கும் இந்தப் பொறுமை இருக்காது, எனக்கு உண்டு என்று கொஞ்சம் பெருமையும் இருந்தது. இப்போது அப்படி உட்காரும்போதெல்லாம் உள்ளுக்குள் ஒரு பயம் இருக்கிறது. அதற்குக் காரணமானவள் எழுதச் சொன்னதால் எழுதுகிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றாள்.

அவளுக்கும் காது கேட்காது, அவள் புருஷனுக்கும் கேட்காது. அவன் என் அண்ணனோடு படித்தவன். செராமிக் பேட்டையில் ஒரு யூனிட்டில் பீங்கான் ஃபியூஸ் கேரியருக்கு அச்சு போடுகிறான். அவள் வேறொரு யூனிட்டில் பொம்மைகளுக்கு வண்ணம் அடிக்கிறாள். கல்யாணமாகிச் சில வருஷம் ஆகியும் குழந்தை இல்லை. மாமியார் வீட்டில் ஜாடையாகப் பேச ஆரம்பித்திருந்தார்கள். ஜாடை பேசுவது காது கேளாதவர்களுக்குத் தெரியாது என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டால் அதைவிட முட்டாள்தனம் கிடையாது, முகத்தைப் படிப்பதுதான் அவர்களுடைய வாழ்க்கையே. அவன் எனக்கு வீடியோ காலில் வந்தான். குழந்தைக்காக லேடி டாக்டரிடம் போகிறோம், நீ வரவேண்டும் என்றான். வழக்கமாக அவளுடைய அம்மாதான் கூடப் போவார், ஆனால் அம்மாவுக்குச் சைகை தெரியாது, டாக்டர் நிறையப் பேசினாலும் அம்மா கட்டைவிரலைத்தான் காட்டுகிறார் என்றான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன். அவன் டீ போட்டுக் கொடுத்துவிட்டு, இது பொம்பளைங்க சமாச்சாரம் என்று காட்டிவிட்டு வெளியே போய்விட்டான். நானும் அவளும் தரையில் உட்கார்ந்து, ஃபோனை ஒரு சொம்பின் மேல் சாய்த்து வைத்துக்கொண்டோம்.

தமிழ் டாக்டர் ஒருவர் போட்ட வீடியோவில் கர்ப்பப்பையும் இரண்டு பக்கக் குழாய்களும் ரோஜா நிறத்தில் அசைந்தன. முட்டை குழாய்க்குள் உருண்டு வருவதை அவள் வாயைப் பிளந்து பார்த்தாள். தன் வயிற்றுக்குள் இப்படி இருக்கிறது என்று யாரும் அவளுக்குச் சொன்னதில்லை. இருபத்தைந்து வயதைத் தாண்டியவள், கல்யாணமானவள். எனக்கு அது முதல் அதிர்ச்சி. பள்ளியில் சொல்லவில்லையா என்றேன். அந்தப் பாடம் வந்தபோது டீச்சர் பக்கத்தைத் திருப்பிவிட்டதாக அவள் காட்டினாள், டீச்சரின் முகத்தையும் சேர்த்துக் காட்டினாள். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். முட்டைக்கு ஒரு சைகை, குழாய்க்கு ஒரு சைகை, ஊசிக்கு, ஸ்கேனுக்கு என்று பேசிப் பேசி முடிவு செய்தோம். அவளுக்கு உற்சாகம் தாங்கவில்லை. குழந்தை பிறந்தால் அதற்குக் காது கேட்டால் என்ன செய்வது, அழுதால் எங்களுக்கு எப்படித் தெரியும் என்று கவலையாகக் கேட்டாள். அழுகைச் சத்தத்துக்கு விளக்கு எரியும் கருவி இருக்கிறது என்று அதையும் தேடிக் காட்டினேன். விலை எவ்வளவு என்று உடனே கேட்டாள்.

முதல்முறை போகிறவர்களிடம் டாக்டர்கள் என்னென்ன கேட்பார்கள் என்று எங்கள் குழுவில் ஒருவர் வீடியோவாகப் போட்டிருந்தார். அதில் ஒரு கேள்வி, இதற்கு முன் ஏதாவது ஆபரேஷன் நடந்திருக்கிறதா என்பது. அவள் உண்டு என்றாள். ஸ்கூல் முடித்து வீட்டில் இருந்த சமயம் வயிறு வலித்ததாம். அம்மா பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாராம். வலி, வெட்டு, எடுத்து எறிந்துவிட்டார்கள் என்று அம்மா கையைக் காட்டினாராம். பிறகு கல்யாணத்தின்போது யாரோ எழுதிக் காட்டியதில் அது குடல்வால் ஆபரேஷன் என்று தெரிந்துகொண்டாள். அதற்கும் ஒரு சைகை வேண்டுமே என்று நான்தான் தேடினேன்.

வீடியோ வந்தது. வயிற்றின் படம். வலது பக்கம், இடுப்பெலும்புக்கு அருகே ஒரு சின்ன வால் தொங்கியது, அதன்மேல் சாய்வாக ஒரு கோடு போட்டு வெட்டு என்று காட்டினார்கள். அவள் தன் வலது பக்கத்தைத் தொட்டாள். புடவையை விலக்கிக் குனிந்து பார்த்தாள். அவளுடைய தழும்பு தொப்புளுக்குக் கீழே, நட்டநடுவில், குறுக்காக ஒரு விரல் நீளத்துக்கு இருந்தது.

அவளுக்கு வந்த முதல் சந்தேகம் எங்களைப் போன்றவர்களுக்குத்தான் வரும். சைகை வீடியோ பார்த்துப் பழகியவர்களுக்கு இடம் வலம் எப்போதும் தகராறு. எதிரே நிற்பவரின் வலது கை நமக்கு இடது பக்கம் தெரியும், செல்ஃபி கேமராவில் எடுத்தால் அதுவும் மாறிப்போகும். இந்தப் படமும் மாறிப்போயிருக்கிறது என்று அவள் சிரித்தாள். ஃபோனைக் கையில் எடுத்து, படத்தைத் தன் வயிற்றுக்கு நேராக வைத்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள். எப்படித் திருப்பினாலும் நடுவில் இருப்பது நடுவில்தானே இருக்கும். அவள் சிரிப்பு மெல்ல நின்றது.

அப்போதுதான் அந்த வீடியோ முடிந்து அடுத்தது தானாக ஓடத் தொடங்கியது. ஃபோன் நம்மைக் கேட்டா எதையும் செய்கிறது? வந்தது பெண்களுக்கான குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன். அதே ரோஜா நிறக் கர்ப்பப்பை, அதே குழாய்கள். தொப்புளுக்குக் கீழே நடுவில் குறுக்காக ஒரு சின்ன வெட்டு. குழாய்களை முடிச்சுப் போட்டு வெட்டினார்கள்.  நிறுத்தக் கை போனது, ஆனால் ஃபோன் அவளிடம் இருந்தது.

இது என்ன என்றாள். இனிமேல் குழந்தை வேண்டாம் என்பவர்களுக்குச் செய்வது என்றேன். அவள் தோளைக் குலுக்கினாள். "குழந்தை இருக்கிறவர்களுக்கா? எனக்கு இல்லையே" என்று கையை விரித்துவிட்டு, அடுத்த வீடியோவைத் தட்டினாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்கு அதற்குப் பிறகு எந்த வீடியோவும் கண்ணில் ஏறவில்லை.

சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். என்ன சொல்வது? நான் டாக்டர் இல்லை. தழும்பைப் பார்த்து நோய் சொல்கிறவள் நாளைக்கு ஜாதகமும் பார்ப்பாள். நடுவில் தழும்பு வர வேறு காரணமே இல்லையா? கல்யாணமாகாத பெண்ணுக்கு எந்த ஆஸ்பத்திரியில் அதைச் செய்வார்கள்? இப்படி எனக்கு நானே வக்கீல் வைத்துக்கொண்டு, வீட்டுக்கு வந்ததும் ஊர் பேர் சொல்லாமல் குழுவில் கேட்டேன். மூத்த அக்கா ஒருவர் உடனே பதில் போட்டார். நாம் கண்டுபிடித்துச் சொல்ல முடியாது, ஆனால் அவளுக்கே சந்தேகம் இருக்கிறது என்றால் டாக்டரிடம் அவளையே கேட்கச் சொல் என்றார். அந்த வார்த்தை எனக்குப் போதுமாக இருந்தது. வீடியோ காலில் அவளைப் பிடித்து, அந்தத் தழும்பு என்ன என்பதை முதல் கேள்வியாகக் கேள் என்றேன். சரி என்று தலையாட்டினாள்.

ஆஸ்பத்திரியில் அவளுடைய அம்மாவும் வந்திருந்தார். கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்ததாகச் சொன்னார். மெலிந்த உடம்பு, வேலை செய்து காய்த்த கை. வரிசையில் காத்திருந்தபோது என்னைத் தனியாகத் தண்ணீர் குழாய்ப் பக்கம் அழைத்துப் போனார்.

"மேடம், டாக்டரம்மா ஆயிரம் பேசுவாங்க. எல்லாத்தையும் அதுக்குச் சொல்லிக்கிட்டு இருக்க வேணாம். நல்லது எதுனா சொன்னா அத மட்டும் சொல்லுங்க. அது மனசு தாங்காது."

 என் சந்தேகம் சரிதான் என்று அந்த நிமிஷமே தெரிந்துவிட்டது. ஆனாலும் எல்லோரிடமும் சொல்வதையே அவரிடமும் சொன்னேன்.

"அப்படி முடியாதும்மா. அந்த ரூமுல காதுல வுழறது எல்லாத்தையும் நான் கையில சொல்லிடுவேன். அவ தெரிஞ்சிக்க வேணாம்னா, அங்க பேசாதீங்க."

"நான் ஏன் பேசப் போறேன்" என்று சொல்லிவிட்டு அவர் குழாயில் முகம் கழுவினார்.

டாக்டரம்மா நல்ல மாதிரி. என்னைப் பார்க்காமல் அவளைப் பார்த்துப் பேசினார், அதற்கே அவருக்குக் கோயில் கட்டலாம். எங்கள் முறையை முதலிலேயே சொல்லிவிட்டேன். அவள் கையால் சொல்வதை நான் வாயால் சொல்லும்போது 'நான்' என்றுதான் சொல்வேன், அந்த 'நான்' அவள். மற்றவர்கள் பேசுவதைக் கையால் சொல்லும்போதும் அப்படியே. அவர் புரிந்துகொண்டார். திரையை இழுத்துவிட்டு அவளைக் கட்டிலில் படுக்கச் சொன்னார். நான் திரைக்குள் அவள் தலைமாட்டில் நின்றேன். அம்மாவும் புருஷனும் திரைக்கு வெளியே நாற்காலியில் இருந்தார்கள்.

அவள் மறக்கவில்லை. தழும்பைத் தொட்டுக் காட்டிக் கேட்டாள். "டாக்டர், இது என்ன தழும்பு?" என்று என் வாய் கேட்டது.

டாக்டரம்மா தடவிப் பார்த்தார். "இது குடும்பக் கட்டுப்பாடு பண்ண தழும்பு மாதிரில்ல இருக்குது. எத்தன புள்ளைங்கம்மா உனக்கு?"

சொன்னேன். நாங்கள் ஞாயிற்றுக்கிழமை பார்த்த அந்த ஆபரேஷன்தான், அவளுக்குச் சைகை உடனே புரிந்தது. அவள் கண் என் கையிலேயே நின்றது. "எனக்குக் கொழந்தையே இல்ல. அதுக்குத்தான வந்திருக்கேன்." இதையும் நான்தான் சொன்னேன். டாக்டரம்மாவின் கை அவள் வயிற்றின்மேல் அப்படியே நின்றுவிட்டது.

 திரைக்கு வெளியே இருந்து குரல் வந்தது.

"அதுக்கு ஒண்ணும் தெரியாதுங்க. நான்தான் பண்ணி வச்சேன்."

அவளுக்கு அது கேட்கவில்லை. என் முகம் மாறியதை மட்டும் பார்த்துவிட்டு, என்ன என்று புருவத்தை உயர்த்தினாள்.  அம்மா பேசுகிறார் என்று திரைப் பக்கம் காட்டினேன். பிறகு என் விரலை என் நெஞ்சில் வைத்து, "அவளுக்கு ஒன்றும் தெரியாது, நான்தான் செய்து வைத்தேன்" என்று சொன்னேன்.

அவள் எழுந்து உட்கார்ந்து திரையை ஒரே இழுப்பில் இழுத்தாள். வளையங்கள் கிறீச்சிட்டன. புருஷன் என் கையைப் பார்க்க நாற்காலியிலிருந்து எழுந்து வந்தான். அம்மா எங்களைப் பார்க்காமல் டாக்டரம்மாவைப் பார்த்துப் பேசினார். நான் ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிக்கொண்டே வந்தேன்.

"இஸ்கூலு முடிச்சிட்டு வூட்டுல கெடந்துதுங்க. அவுரு செத்துப் போயிட்டாரு. நான் களை வெட்டப் போயிட்டா இது தனியாத்தான் இருக்கும். வயசுப் புள்ள. எவனாவது வந்து கைய வச்சான்னா கத்தக்கூடத் தெரியாதுங்க இதுக்கு. வயித்துல வாங்கிக்கிட்டு வந்து நின்னா நான் எங்க போயி சொல்லுவேன்? இதுக்குக் கல்யாணம் ஆவும்னு நான் கனாவுலகூட நெனக்கலங்க."

"கல்யாணம் ஆகாத பொண்ணுக்கு யாரு பண்ணது?" டாக்டரம்மாவின் குரல் உயர்ந்திருந்தது.

"பெரியாஸ்பத்திரியில முகாம் போட்டிருந்தாங்க. என் பெரிய மவளுக்கு ரெண்டு புள்ள இருக்குது. அவ பேர சொல்லி இத படுக்க வச்சிட்டேன். இதுகிட்ட என்னென்னமோ கேட்டாங்க. பேச வராதுங்க, நான் சொல்றேன்னு நான் சொல்லிட்டேன்."

அதைக் கையால் சொல்லும்போது கோபம் என் கண்ணை மறைத்தது. அந்த முகாமில் சைகை தெரிந்தவர் ஒரே ஒருவர் இருந்திருந்தால் போதும். உன் பெயர் என்ன, உனக்கு எத்தனை குழந்தை என்று கேட்டிருந்தால் போதும். அத்தனை பேர் நின்றிருக்கிறார்கள், நர்ஸ், டாக்டர், ஆயா என்று. ஒருவருக்கும் தோன்றவில்லை. கோபத்தில் என் சைகை முரட்டுத்தனமாகப் போனது. அதை அடக்கிக்கொண்டு, அந்த அம்மா எப்படிச் சொன்னாரோ அப்படியே, மெதுவாகச் சொன்னேன்.

வெட்டிய குழாயைத் திரும்பச் சேர்க்க ஆபரேஷன் இருக்கிறது, ஆனால் உறுதி சொல்ல முடியாது, முதலில் டெஸ்ட் எடுக்க வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னார். சேர்ப்பதற்கு எங்களிடம் சைகை இருந்தது. புருஷன் அதைப் பார்த்துத் தலையாட்டினான். அவள் பார்க்கவே இல்லை. அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவள் கைகள் எழுந்தன.

"அம்மா" என்றேன். அந்த அம்மா திடுக்கிட்டு என்னைப் பார்த்தார். நான் அவள் பக்கம் கை காட்டினேன். மகள் தன்னிடம் முழு வாக்கியமாகப் பேசி அவர் கேட்பது அதுதான் முதல் தடவை, அதுவும் என் குரலில்.

"நீ கழனிக்குப் போனப்ப எவனாச்சும் வந்து என்மேல கைய வச்சிருந்தா? வயித்துல ஒண்ணும் தங்கலன்னா நடக்கலன்னு ஆயிடுமா? உனக்கும் தெரிஞ்சிருக்காது. நானும் சொல்லியிருக்க முடியாது. அவ்ளோ பயம் உனக்கு இருந்துதுன்னா வூட்டுக்கு ஒரு நல்ல கதவா போட்டு, உள்ள தாப்பா போட்டுக்கடின்னு காட்டியிருக்கலாமேம்மா."

அந்த அம்மா இப்போதும் அவளுக்குப் பதில் சொல்லவில்லை. என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

"கதவுக்கு எங்கங்க போறது? அப்ப அந்த வூட்டுக்குக் கதவே கெடையாது, சாக்குதான் தொங்கும். கதவு போட ஆசாரி காசு கேட்டான். இந்த ஆப்ரேசனுக்கு யாரும் காசு கேக்கல."

அவள் என் கைகளைப் பார்த்துக் காத்துக்கொண்டிருந்தாள். அதையும் சொன்னேன்.